கார் வீலில் உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் கோட்டிங்: அடிப்பது, பராமரிப்பது, கழற்றுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீலின் நிறத்தை மாற்ற ஆசை இருக்கும், ஆனால் நிரந்தரமாகப் பெயின்ட் அடிக்க மனசு வராது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த ரப்பர் கோட்டிங். ஸ்ப்ரே கேனில் வரும், அடித்தால் காய்ந்து ரப்பர் படலமாகும், சலித்துப்போனால் கையாலேயே உரித்துவிடலாம். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் சுலபமாக உரியுமா, உரியாதா என்பது அடிக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

இது உண்மையில் என்ன பொருள்? பெயின்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செயற்கை ரப்பரை நாஃப்தா, டொலுயீன் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்த திரவம் இது. முதலில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கியெடுத்து, வழுக்காத பிடி உண்டாக்கப் பயன்பட்டது. கார்க்காரர்கள் கையில் சிக்கியது பிற்பாடு. பிளாஸ்டி டிப் என்ற பிராண்ட் பரவலாகப் புழங்குவதால், எந்தக் கம்பெனி கேனாக இருந்தாலும் 'டிப்' என்றே பலரும் சொல்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. கரைப்பான் ஆவியாகிப் போகும், ரப்பர் மட்டும் படலமாகத் தங்கும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் கார் பெயின்டில் வேதிவினை நடந்து படலம் இறுகுகிறது. இதில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, காய்ந்த ரப்பரைக்கூட அதே வகைக் கரைப்பான் மறுபடியும் கரைத்துவிடும். இரண்டு, பழைய கோட்டின்மேல் புதுக் கோட் அடித்தால் மேற்புறம் கொஞ்சம் இளகி, இரண்டும் ஒரே படலமாகச் சேர்ந்துவிடும். முதல் விளைவுதான் பெட்ரோல் சிந்தினால் வரும் தொல்லைக்குக் காரணம். இரண்டாவது, உரியாமல் அடம்பிடிக்கும் கோட்டிங்கிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது. இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

எந்த வீலில் அடிக்கலாம்? எதில் அடிக்கக் கூடாது?

வழவழப்பான, நல்ல நிலையில் உள்ள பெயின்ட் அல்லது கிளியர் கோட் (பெயின்டுக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) இருக்கும் அலாய் வீல்தான் மிகப் பொருத்தம். பவுடர் கோட்டிங் செய்த வீலும், குரோம் வீலும் சரிதான். இந்த ரப்பர் பரப்பிலுள்ள நுண்துளைகளில் பிடித்துக்கொண்டு நிற்கிறதே தவிர, பசை மாதிரி ஒட்டுவதில்லை. பரப்பு எவ்வளவு வழவழப்போ, உரிப்பது அவ்வளவு சுலபம்.

பெயின்ட் இல்லாத வெறும் அலுமினியம், சொரசொரப்பான வார்ப்பு உலோகம், பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக் வீல் கவர் ஆகியவற்றில் பிடி அதிகம். உரிக்கும்போது துண்டு துண்டாகத்தான் வரும். ஒளிவான ஒரு மூலையில் சிறிது அடித்து, மறுநாள் உரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிளியர் கோட் ஏற்கெனவே கொப்பளித்தோ பொருக்கு விட்டோ இருந்தால் வேண்டாம். ரப்பரோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீலாக இருந்தால், அந்தப் பெயின்ட் முழுதாக இறுகும்வரை பொறுங்கள். துருப்பிடித்த இரும்பு வீலில் அடிப்பதும் அவ்வளவு நல்லதில்லை. துருவைச் சுரண்டி எடுக்காமல் மூடினால், ஓரத்தில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வேலையைக் காட்டும்.

சாலையோரக் கர்ப் கல்லில் உரசின கீறலை இது மறைக்குமா?

நிறத்தை மறைக்கும், பள்ளத்தை மறைக்காது. அடியில் உள்ள வடிவம் அப்படியே மேலே தெரியும். கீறலின் கூரான முனைகள் படலத்தைக் கிழிக்கவும் செய்யும். முதலில் அந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஆனால் தேய்த்து உலோகம் வெளியே தெரியும் இடத்தில் பிடி அதிகமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எத்தனை கேன் வாங்க வேண்டும்?

311 கிராம் கேன் என்றால் வீலுக்கு ஒன்று, ஆக நான்கு. 18 அங்குலத்துக்கு மேற்பட்ட வீலோ, நிறைய ஸ்போக் உள்ள வீலோ என்றால் ஒன்றரை வரை போகும். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் அடியில் உள்ளதை மறைக்க இன்னும் கூடுதலாகக் குடிக்கும். மூன்று கேனில் நான்கு வீலை முடித்தேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஒரு வருஷம் கழித்து உரிக்கும்போது அவரிடம் பேசிப் பாருங்கள்: மெலிசான படலம் பொடிப்பொடியாகத்தான் வரும்.

வீலைக் கழற்றித்தான் அடிக்க வேண்டுமா?

அவசியம் இல்லை. ஆனால் கழற்றினால் வேலை சுத்தமாக வரும், ஸ்போக்கின் பக்கவாட்டுக்கும் நட்டுக் குழிக்கும் கை எட்டும். கழற்றுவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கார் நிற்பது ஜாக் ஸ்டாண்ட் மேல் இருக்கட்டும்.

காரிலேயே வைத்து அடித்தால் ஃபெண்டர், பம்பர், கதவின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்ப்ரே புகை நினைப்பதைவிட வெகுதூரம் போகும். ஸ்போக் இடைவெளி வழியாகத் தெரியும் பிரேக் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் பிளாஸ்டிக் உறையோ பழைய துணியோ செருகி மறையுங்கள். டிஸ்க்கில் லேசான தூசிபோலப் பட்டால் பிரேக் பேட் அதைத் தேய்த்துவிடும். ஈரமாகத் திட்டுத்திட்டாகப் படிந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

வீலை எப்படிச் சுத்தம் செய்வது?

அலுக்கும் அளவுக்குச் செய்ய வேண்டிய வேலை இதுதான். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும், அது சூட்டில் பெயின்டுக்குள் புதைந்து உட்கார்ந்துகொள்ளும். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். வழிவது நின்றபின் நன்றாக அலசுங்கள். தார்ப் புள்ளிகள் இருந்தால் தார் ரிமூவர். கடைசியாக, ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சு விடாத துணியில் நனைத்து முழுவதும் துடையுங்கள். மெழுகு, சிலிகான், விரல் எண்ணெய் எல்லாம் இதில்தான் போகும்.

டயர் பாலிஷ் தனியாகச் சொல்ல வேண்டிய எதிரி. டயரில் போட்ட சிலிகான், ரிம் ஓரத்துக்கு ஊர்ந்து வந்திருக்கும். அந்த இடத்தில் ரப்பர் பிடிக்காமல் மீன்கண் மாதிரி வட்டமாக விலகும். டயரின் பக்கச் சுவரையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். நட்டுக் குழி, வால்வு அடி, நடு மூடியின் விளிம்பு ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும் ஒரு சொட்டு, இரண்டாவது கோட் அடிக்கும்போது சரியாக வெளியே வந்து வழியும். காற்று அடித்தோ, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டியோ அதை வெளியேற்றிவிடுங்கள். ஓட்டினால் வீல் ஆறும்வரை காத்திருந்து, ஆல்கஹாலால் இன்னொரு முறை துடையுங்கள்.

டயரில் படாமல் எப்படி மறைப்பது?

பழைய சீட்டுக்கட்டு போதும். சீட்டுகளை ரிம்முக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வட்டமாகச் செருகுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டுவதைவிட வேகமானது, ரிம்மின் விளிம்புவரை ஸ்ப்ரே போவதால் ஓரமும் நன்றாகப் படியும். வால்வுக்கு ஒரு துண்டு டேப்பைச் சுற்றுங்கள்.

டயரில் கொஞ்சம் பட்டாலும் பதற வேண்டாம். காய்ந்தபின் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். டயரில் ஒட்டாமலிருக்க முன்கூட்டியே டயர் பாலிஷ் பூசி வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், மேலே சொன்ன சிலிகான் தொல்லையை நாமே வரவழைப்பது அது.

டேப் எங்கே ஒட்டியிருந்தாலும், கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் டேப் மேலுள்ள படலமும் வீல் மேலுள்ள படலமும் ஒரே தோலாக இருக்கும். சேர்ந்து கிழிந்து வரும்.

எந்த வானிலையில் அடிக்கலாம்?

18 முதல் 32 டிகிரி செல்சியஸ்வரை நல்லது. நேர் வெயிலும் வேண்டாம், வேகமான காற்றும் வேண்டாம். வெயிலில் சூடான வீலில் விழும் துளி சமமாகப் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக உள்ள நாளில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, வெண்மையாக மங்கல் விழும். மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

குளிரான இடமென்றால் கேனைச் சில நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் ஸ்ப்ரே மென்மையாக வரும். வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கும் சூடு. கொதிநீரோ அடுப்போ வேண்டவே வேண்டாம், அது அழுத்தத்தில் உள்ள எரியக்கூடிய பொருள்.

எத்தனை கோட்? எப்படி அடிப்பது?

குறைந்தது ஐந்து, முடிந்தால் ஆறு. கேனை ஒரு நிமிஷமாவது நன்றாகக் குலுக்குங்கள், நடுநடுவிலும் குலுக்குங்கள். வீலிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். கை ஒரே வேகத்தில் நகர வேண்டும். வீலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வீலைக் கடந்து வெளியே போனபின் விடுங்கள். வீலுக்கு நேராக நாசிலை அழுத்தினால் முதலில் தெறிக்கும் பெரிய துளிகள் அங்கேயே விழும்.

முதல் கோட் பனி மாதிரி லேசாக இருக்கட்டும். பழைய நிறம் பாதி தெரிய வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், கை துறுதுறுவென்று 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கனமான கோட்டுகள் வழியாமல் பிடித்து நிற்க இந்தச் சொரசொரப்பு தேவை.

இரண்டாவதிலிருந்து ஈரமாக அடிக்க வேண்டும். பரப்பு முழுக்க ஈரப் பளபளப்பு தெரியும் அளவுக்கு, ஆனால் வழியத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். இந்த இடத்தில் பயந்துபோய்த் தூரத்தில் நின்று தூவுகிறவர்கள்தான் அதிகம். தூவினால் துகள்கள் காற்றிலேயே பாதி காய்ந்து, மணல்தாள்போலப் படியும். பார்வைக்கு மறைத்துவிட்ட மாதிரி இருக்கும், தடிமன் மட்டும் இருக்காது.

ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் 15 முதல் 20 நிமிஷம், குளிர் நாளில் அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு அடுக்கினால் கரைப்பான் உள்ளே சிக்கிக் குமிழ் விடும்.

முகப்பு அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கோட்டிங் மெலிவது முகப்பில் இல்லை. ஸ்போக்கின் பக்கவாட்டு, ஸ்போக் ரிம்மோடு சேரும் மூலை, நட்டுக் குழியின் உட்சுவர், ரிம்மின் உதடு ஆகிய இடங்கள்தான் மெலியும். உரிக்கும்போது விரல் நகம் தேய்வதும் சரியாக இதே இடங்களில்தான். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் மூலைகளில் தொடங்குங்கள். இடப்பக்கம் சாய்ந்து ஒரு முறை, வலப்பக்கம் சாய்ந்து ஒரு முறை, மேலிருந்து, கீழிருந்து. முகப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். மூலைகளுக்கு அடிக்கும்போதே அதன்மேல் பாதி படிந்துவிடும்.

வழிந்துவிட்டது. பூச்சி வந்து ஒட்டிக்கொண்டது. என்ன செய்ய?

தொடாதீர்கள். ஈரத்தில் விரல் வைத்தால் அந்தக் கோட்டே பிய்ந்துவிடும். லேசான வழிசல் காயும்போது சுருங்கித் தட்டையாகிவிடும். பூச்சியைக் காய்ந்தபின் கூரான இடுக்கியால் எடுத்துவிட்டு, அடுத்த கோட்டை அதன்மேல் விடுங்கள். பெரிய திரையாக வழிந்துவிட்டால், ஒரு நாள் காயவிட்டு அந்த வீலை மட்டும் உரித்து மறுபடி அடிப்பதே மேல். பெயின்டில் கிடைக்காத வசதி இது.

நட்டு உட்காரும் இடத்தில் கோட்டிங் படலாமா?

கூடாது. அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீல் நட்டோ போல்ட்டோ வீலில் கூம்பு வடிவமாகவோ அரைவட்டமாகவோ உள்ள ஒரு இருக்கையில் அமர்ந்து அழுத்துகிறது. உலோகத்தோடு உலோகம் இறுகுவதை வைத்துத்தான் கம்பெனி சொல்லும் டார்க் அளவு (நட்டை இறுக்க வேண்டிய திருகுவிசை) கணக்கிடப்பட்டிருக்கிறது. நடுவில் ரப்பர் இருந்தால், இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லிவிடும். ஆனால் ரப்பர் அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், இறுக்கம் குறையும், நட்டு தளரும். வீலின் பின்பக்கம் ஹப்போடு (காரில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) உட்காரும் தட்டையான முகத்துக்கும் இதேதான்.

கழற்றி அடிப்பதாக இருந்தால் அந்த இருக்கைகளைக் காகிதத்தையோ பஞ்சுத் துணியையோ உருட்டிச் செருகி மூடுங்கள், பின்முகத்துக்கும் டேப் ஒட்டுங்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் கரைப்பானால் துடைத்து உலோகம் தெரியும்படி செய்தபிறகே மாட்டுங்கள். நட்டின் தலையில் அடித்துக்கொள்ளலாம், கூம்பிலும் மரையிலும் படக் கூடாது. மாட்டியபின் காரின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, 80 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

பிரேக் சூட்டில் உருகிவிடாதா?

பிளாஸ்டி டிப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் தாங்குதிறன் மைனஸ் 34 முதல் 93 டிகிரி செல்சியஸ்வரை. சாதாரண ஓட்டத்தில் வீலின் முகப்பு அந்த எல்லைக்குள்ளேயே இருக்கும். ரேஸ் டிராக்கிலும், நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதிலும் கதை வேறு. டிஸ்க்கின் சூடு சில நூறு டிகிரிக்குப் போகும், ஹப்பை ஒட்டிய பகுதி நன்றாகச் சுடும். காலிப்பர், டிஸ்க், ஹப் இவற்றின்மேல் ரப்பர் அடிக்காதீர்கள். வீலின் உட்புறத்தில் பீப்பாய்போல உள்ள வளையப் பகுதியையும் அடிக்காமல் விட்டுவிடலாம்.

அடித்து எவ்வளவு நேரத்தில் ஓட்டலாம்? எப்போது கழுவலாம்?

கடைசிக் கோட்டுக்குப் பின் நான்கு மணி நேரம் கழித்து மெதுவாக ஓட்டலாம். ஒரு நாள் முழுதாக விட்டால் இன்னும் நல்லது. கழுவுவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

கழுவும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சாதாரண கார் ஷாம்பூவும் மென்மையான துணியும் போதும். கடினமான பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவலைத் தவிருங்கள். பிரஷர் வாஷரைத் தள்ளிப் பிடித்து, நேராக முகப்பில் அடிக்கலாம். படலத்தின் விளிம்பைக் குறிவைத்து அடித்தால் தண்ணீர் அடியில் புகுந்து தூக்கிவிடும்.

பெட்ரோல், டீசல், கிரீஸ் நீக்கி, கரைப்பான் கலந்த டயர் பாலிஷ், பெட்ரோலியக் கரைப்பான் உள்ள மெழுகு எல்லாமே இதற்கு ஆகாது. பங்க்கில் பின்வீல்மேல் பெட்ரோல் சொட்டினால் தேய்க்காதீர்கள். நிறைய தண்ணீர் ஊற்றி, ஆவியாகிப் போகவிடுங்கள். இளகியிருக்கும்போது தேய்த்தால் மையை இழுத்துவிட்ட மாதிரி கோடு விழும். ஆவியானபின் பெரும்பாலும் மறுபடி இறுகிவிடும், பளபளப்பில் மட்டும் வித்தியாசம் தெரியலாம்.

பளபளப்பாக வேண்டுமானால்?

சாதாரணமாக இது மங்கலான மேட் தோற்றம்தான் தரும். நிறக் கோட்டுகளை முடித்தபின் அதற்கென்றே விற்கும் பளபளப்பு மேல்கோட் அடிக்கலாம். கார் பெயின்டின் கண்ணாடிப் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். கடினமான சாதாரணக் கிளியர் லாக்கரை ரப்பர்மேல் அடித்தால் விரிசல் விடும், உரிக்கும்போது சிம்பு சிம்பாக உதிரும்.

ஓரத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. முழுதும் உரிக்க வேண்டுமா?

சிறிய கிழிசல் என்றால் தேவையில்லை. தூக்கி நிற்கும் நுனியைக் கூரான கத்திரியால் வெட்டி எடுங்கள். சுற்றிலும் ஆல்கஹாலால் துடையுங்கள். மெல்லிய தூரிகையில் கொஞ்சம் நாஃப்தாவைத் தொட்டு விளிம்பை இளக்கி, அதன்மேல் மூன்று நான்கு கோட் அடியுங்கள். ஒட்டு தெரியத்தான் செய்யும், மேட் கறுப்பில் குறைவாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் தண்ணீரும் தூசியும் அடியில் போய்க் கிழிசல் தினமும் வளரும். டயர் மாற்றும் இயந்திரமும் ரிம் உதட்டில் நிச்சயம் ஒரு காயம் போடும், அதனால் புது டயர் போட வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுக் கோட்டிங் அடியுங்கள்.

எவ்வளவு காலம் தாங்கும்?

மூன்று வருஷம்வரை என்று விளம்பரத்தில் பார்க்கலாம். வீல் என்பது கல்லும் சேறும் சூடும் நேராக வாங்கும் இடம், ஒன்றிரண்டு வருஷம் நன்றாக இருந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளலாம். பழசாக ஆக ரப்பர் இழுபடும் தன்மையை இழக்கும். நன்றாக இருக்கிறதே என்று ஐந்தாறு வருஷம் விட்டுவைத்தால் உரிப்பது தண்டனையாகிவிடும்.

சரி, எப்படி உரிப்பது?

வீலைக் கழுவிக் காயவையுங்கள். மிதமான சூட்டில் ரப்பர் நன்றாக இழுபடும், குளிரில் பட்டென்று அறும். குளிராக இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். அதிகமாகிவிட்டால் சூயிங்கம் மாதிரி நூல் விடும், அதனால் கைவைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

ரிம்மின் வெளி விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் ஓரிடத்தில் சுருண்டு எழும். எழவில்லை என்றால் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் உதவும். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அது போடும் கோடு ரப்பரோடு போகாது. இரண்டு விரல் பிடிக்கும் அளவுக்கு நுனி கிடைத்ததும், நேராக வெளியே இழுக்காமல் வீலின் பரப்பை ஒட்டிச் சாய்வாக, நிதானமாக இழுங்கள். நன்றாக அடித்திருந்தால் ஒரு ஸ்போக் முழுதும் ஒரே துண்டாக வரும், சில சமயம் முழு முகப்பும் வரும். அந்தத் திருப்தி தனி.

பிரஷர் வாஷர் இருந்தால் இப்போது அதன் கெட்ட குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எழுந்த விளிம்பின் அடியில் தண்ணீரைச் செலுத்தினால் அது தானே தூக்கிக்கொண்டு போகும்.

உரியவே இல்லை. பொடிப்பொடியாக வருகிறது.

கோட்டிங் மெலிசு. இதற்குப் பலரும் உடனே கரைப்பானைத் தேடுவார்கள். அதற்கு முன்னால் நேர் எதிராகத் தோன்றும் ஒன்றைச் செய்து பாருங்கள்: அதன்மேலேயே இன்னும் கோட்டிங் அடியுங்கள்.

காரணம் மேலே சொன்னதுதான். புதுக் கோட்டிலுள்ள கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வீலைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக ஈரமாக மூன்று நான்கு கோட் அடியுங்கள். நிறம் எதுவானாலும் பரவாயில்லை, எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. மிச்சம் மீதிக் கேன்களைத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம். மூலைகளையும் நட்டுக் குழியையும் மறக்காதீர்கள். ஒரு முழு நாள் காயவிட்டு உரியுங்கள். மிகப் பழசாகி வெடித்துப்போன ரப்பரில் இது முழுப் பலன் தராது, ஆனாலும் பாதி வேலையையாவது குறைக்கும்.

கரைப்பான் என்றால் எதைப் பயன்படுத்தலாம்?

மினரல் டர்பன்டைன், ஆரஞ்சு எண்ணெய் சார்ந்த பசை நீக்கிகள், டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்ப்ரேக்கள், இந்தக் கோட்டிங்குக்கென்றே விற்கும் கரைப்பான்கள் ஆகியவை வேலை செய்யும். நனைத்து ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். துணியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கரைந்த ரப்பரை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் பூசிக்கொண்டிருப்போம். கையில் நைட்ரைல் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

அசிட்டோனும் லாக்கர் தின்னரும் வேண்டாம், கிளியர் கோட்டையும் பிளாஸ்டிக் நடு மூடியையும் சேர்த்துக் கரைத்துவிடும். பெட்ரோல் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் தீ, புகை இரண்டுக்கும் பயந்து அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

கரைப்பான் போடுவதென்றால் வீலைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. முடித்தபின் வீலைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நட்டு இருக்கைகளில் எண்ணெய்ப் பசை இல்லை என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

உரித்தபின் அடியில் மங்கலாக நிழல் தெரிகிறதே?

பெரும்பாலும் ரப்பரின் மெல்லிய மிச்சம்தான். மேலே சொன்ன பசை நீக்கியால் துடைத்தால் போகும். போகாவிட்டால் சுத்தம் செய்யாமல் மூடிய பிரேக் தூசியாக இருக்கலாம், அயர்ன் ரிமூவர் போட்டுப் பாருங்கள்.

வீல் பேலன்ஸ் கெட்டுவிடுமா?

சமமாக அடித்தால் கெடாது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளைச் சுத்தம் செய்யும்போது பெயர்த்துவிடாமல் இருந்தால் போதும். உரிக்கும்போது பாதியில் விட்டு, ஒரு பக்கம் துண்டு தொங்கிக்கொண்டே வேகமாக ஓட்டாதீர்கள்.

வீட்டுக்குள் அடிக்கலாமா? மாஸ்க் தேவையா?

கேனில் உள்ள கரைப்பான் புகை காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தூரத்திலுள்ள அடுப்பு, ஹீட்டர் சுடரை எட்டிவிடும். எல்லாப் பக்கமும் திறந்த இடத்தில் அடியுங்கள், பக்கத்தில் சிகரெட், தீப்பொறி, ஓடும் கிரைண்டர் எதுவும் இருக்கக் கூடாது.

துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் துகளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவி நேராக உள்ளே போகும். கரிம ஆவிகளுக்கான கார்பன் கேட்ரிட்ஜ் பொருத்திய முகமூடிதான் வேண்டும். தலை லேசாகச் சுற்றினால் அப்படியே வைத்துவிட்டு வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள். சில தயாரிப்புகளில் ஹெக்சேன் இருக்கும், அதை நீண்ட காலம் சுவாசித்தால் கைகால் நரம்புகள் பாதிக்கப்படும். இதையே தொழிலாகச் செய்பவர்கள் இந்த முகமூடியில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேனில் மிச்சம் இருக்கிறது. எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம். கேனைத் தலைகீழாகப் பிடித்து, நிறம் நின்று வெறும் காற்று வரும்வரை ஓரிரு வினாடி அழுத்துங்கள், நாசில் அடைக்காது. வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், காருக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். உரித்த ரப்பரைச் சாதாரணக் குப்பையில் போடலாம். கரைப்பானில் நனைந்த துணிகளை விரித்துத் திறந்தவெளியில் காயவிட்டபின் போடுங்கள், மிஞ்சிய கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.